ஐந்நூற்றுவரும் இருபத்து மூவரும்

சங்கத்தின் எண்பதாம் ஆண்டு மலருக்கு
வரலாறு எழுதச் சொன்னார்கள்.
"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஆரம்பி" என்றார்
தலைவர் காதர் மீரா.
எங்கள் பதிவேடோ ஆரம்பிப்பது
பூச்சி தின்ற ஒரு பற்றுச்சீட்டில்:
மேசை விசிறி ஒன்று, பதினெட்டு வெள்ளி.

திசையாயிரத்து ஐந்நூற்றுவர்.
பெயரை எழுதியதும் பேனா கொஞ்சம் நிமிர்ந்தது.
கழுதை முதுகில், எருமை முதுகில், தம் தோளில்
பொதி ஏற்றிப் புறப்பட்டவர்கள்.
இந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், சுமத்திராவில்,
ஒரு கல்லில் வசூல் விவரம் வெட்டிப் போனார்கள்.
கப்பலில் வந்தவர் முதலில் பொன் செலுத்தட்டும்,
பிறகு விரித்த பாவாடையில் கால் வைக்கட்டும்
என்று அதைப் படிக்கிறார்கள்.
யோசித்தால் அதுவும் கூட்டக் குறிப்புதான்.
என் கையெழுத்தைவிட அழகு, அவ்வளவே.

எங்களிடம் மாதச் சந்தா முப்பது வெள்ளி.
பாவாடை கிடையாது.
பசார் தெரு மாடிப்படியில் விரிப்பும் கிழிந்து
ஏழாம் படியில் ஆளைத் தடுக்கும்.

அவர்களுக்கும் நமக்கும் இடையில்
தொள்ளாயிரம் வருஷம், ஒரு நூல்கூடத் தொடராமல்.
இதைத் தலைவரிடம் சொன்னேன்.
"முடிச்சுப் போடு, ஜவுளிக்காரன்தானே" என்றார்.

சரி, சங்கம் என்ன செய்கிறது?
தீபாவளிக்கு முன் நடைபாதைக்கு மனுப் போடுகிறது.
பித்தளை மீட்டர்கோலைப் பூட்டி வைத்திருக்கிறது.
உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால்
அலமாரியின் ஒரே வெள்ளைப் பொதியிலிருந்து
கஃபனுக்கும் கிழிக்கிறோம், கோடிக்கும் கிழிக்கிறோம்.
கத்தரிக்கோல் இரண்டுக்கும் ஒன்று.

நெய்தவன் பெயர் கல்லில் இருப்பதாகத் தெரியவில்லை.
எங்கள் பேரேட்டிலும் இல்லை.
சூரத், ஈரோடு என்று ஊர் மட்டும் இருக்கிறது.

போன செவ்வாய் விண்ணப்பம் ஒன்று வந்தது.
தவச்செல்வி, ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
கைப்பேசி நேரலையில் சேலை விற்பவள்.
"கடை எங்கம்மா?" என்றார் சுலைமான் கனி.
"விதி ஆறு. கதவு வேணும், பெயர்ப்பலகை வேணும்."
அவள் பேசியைத் திருப்பிக் காட்டினாள்.
"நேத்து ராத்திரி நாலாயிரம் பேர் நின்னாங்க.
உங்க தெரு தாங்குமா?"
யாருடைய தேநீரோ மேசையில் கொட்டியது.

குறிப்பெழுதுபவன் பேசக் கூடாது. பேசினேன்.
"நடந்துகொண்டே விற்றவர்கள் ஐந்நூற்றுவர்.
எந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்?"
"அவங்க வாள் வச்சிருந்தாங்க" என்றார் வள்ளியப்பன்.
"எங்கிட்ட வட்ட விளக்கு இருக்கு" என்றாள்.

புதியவர் ஒரு துணியைக்
கோலின் கீழ் வைக்க வேண்டும். பழைய வழக்கம்.
பையிலிருந்து வாடாமல்லி நிறத்தில் ஒன்று எடுத்தாள்.
ஐந்தரை மீட்டர் என்றது சீட்டு.
ஐந்தேகாலில் தீர்ந்துபோனது சேலை.

மறுபடி அளந்தார்கள். இழுத்துப் பிடித்து அளந்தார்கள்.
ஒரு சாண் இல்லை.
"பார்த்தீங்களா?" என்று எழுந்தார் சுலைமான் கனி.
"உங்க கடைச் சரக்குதான்" என்றாள்,
"மொத்தமா நாப்பது வாங்கினேன். பில் இருக்கு.
நான் ஐந்தேகால்னு சொல்லித்தான் விக்கிறேன்."

விசிறி மட்டும் சுற்றியது.
அந்தப் பதினெட்டு வெள்ளி விசிறிதான்.

வந்திருந்தவர் இருபத்து மூவர்.
ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு எட்டு.
மீதி ஒரு கை எங்கே இருந்தது என்று
நான் எழுதவில்லை.
அபராதம் எழுபது வெள்ளி, அதை எழுதினேன்.
அவள் முப்பது வெள்ளியை எண்ணி வைத்துவிட்டு
படியிறங்கும்போது ஏழாம் படியில் தடுக்கினாள்.
எங்கள் எல்லோரையும் போல.

அன்றிரவு வரலாறு எழுதினேன்.
ஆயிரம் வருஷத்திலிருந்து அல்ல,
ஒரு சாணிலிருந்து.

அச்சுக்குப் போகுமுன் தலைவர் அடித்துவிடுவார்.
பதிவேட்டில் இருக்கும்,
எனக்கும்
பூச்சிக்கும்.